மூன்று இலக்க டி-சாலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாமா? (பிரான்ஸ், சைக்கிள்)

வரைபடப்பித்தன் | 1
பக்கத்து இழையில் சந்துபொந்து என்கிற அன்பர், பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களுக்கு ஒரு சூத்திரம் அருளியிருக்கிறார்: "என்-சாலை வேண்டாம், டி-சாலையில் போங்க. டி-க்குப் பின்னாடி மூணு இலக்கம் இருந்தா கண்ணை மூடிட்டுப் போகலாம்." (என் என்றால் தேசியச் சாலை, டி என்றால் மாவட்டச் சாலை.) கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. டி-974-இல் அப்படியே போகட்டும், அப்புறம் கண்ணைத் திறக்கிற வேலையே இருக்காது.

டி-974 என்பது திஜோனிலிருந்து போன் நகருக்குப் போகும் சாலை. மூன்று இலக்கம்தான். அதன் பழைய பெயர் என்-74. 2006 வாக்கில் சுமார் 18,000 கி.மீ. தேசியச் சாலைகளை அரசு மாவட்டங்களின் தலையில் கட்டியது, அதில் இதுவும் ஒன்று. பலகை மாறியது. லாரி மாறவில்லை.

சந்துபொந்து | 2
வந்துட்டார்யா. பித்தரே, அடுத்தவன் எழுதினதுல பாதியை நறுக்கிட்டு மேற்கோள் போடுறது உங்களுக்குப் புதுசா என்ன? அந்தப் பதிவுல "பொதுவா"ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. அதை எங்க கழட்டி வெச்சீங்க?

டி-974க்கு மேல, அதே சரிவுல, டி-122 ஓடுது. மார்சனே, ஃபிக்சேன், ஜெவ்ரே, மோரே, ஷாம்போல்னு ஊர் ஊரா, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல, ரெண்டு பக்கமும் தாழ்வான கல்சுவர். மூணு இலக்கம். வேணும்னா எண்ணிக்கோங்க: ஒண்ணு, ரெண்டு, ரெண்டு.

வரைபடப்பித்தன் | 3
என் வாதத்தை எனக்காக முடித்து வைத்ததற்கு நன்றி. ஒரே மாவட்டம், ஒரே சரிவு, இரண்டு சாலைக்கும் மூன்று இலக்கம். ஒன்றில் சைக்கிள், மற்றதில் லாரி. அப்படியானால் இலக்கம் நமக்குச் சொன்னது என்ன?

ரெட்டைஅம்பு | 4
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். ஒரு திருத்தம் போதும்: 9-இல் தொடங்கும் மூன்று இலக்கத்தை விலக்கிவிடுங்கள். பழைய என்-சாலைக்குப் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் எண் கொடுத்தார்கள். லுவார் ஆற்றின் வடகரையில் ஓடும் டி-952 பழைய என்-152. சோமூரிலிருந்து மோன்சோரோ போகும் டி-947 பழைய என்-147. மீதி எல்லாம் மிஷ்லேன் சாலை வரைபடத்தில் வெள்ளைக் கோடாக, அதாவது சிறிய சாலையாக, இருந்தால் தாராளமாகப் போகலாம்.

சந்துபொந்து | 5
இதைத்தான் நானும் சொன்னேன்.

வரைபடப்பித்தன் | 6
சொல்லவில்லை. உங்கள் பதிவில் 9 என்ற எண்ணே கிடையாது.

ரெட்டைஅம்பு ஐயாவின் திருத்தமும் நிற்காது. பாரிஸிலிருந்து இத்தாலி எல்லை வரை போன பழைய என்-6 இன்று யோன் மாவட்டத்தில் டி-606, சோன்-எ-லுவாரில் டி-906, ரோனில் டி-306, சவோயில் டி-1006. எண் கொடுப்பது அந்தந்த மாவட்டத்தின் விருப்பம், எல்லை தாண்டினால் அதே தாரில் வேறு எண். லோத் மாவட்டத்தில் பழைய என்-20 இப்போது டி-820. தொர்தோஞ்சில் பழைய என்-89க்கு டி-6089. இலக்கம் நாலு, நெரிசலும் குறையவில்லை.

மறுபக்கமும் பாருங்கள். லோத்தில் செலே ஆற்றை ஒட்டிக் கப்ரெரே, மார்சிலாக், எஸ்பாஞாக் வழியாகப் போகும் சாலை டி-41. சுண்ணாம்புப் பாறை தலைக்கு மேல் துருத்தி நிற்க, ஆறு கூடவே வரும், ஏற்றம் பெயருக்குத்தான். சாந்தமான சாலைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சூத்திரப்படி அது ஆகாத சாலை, இரண்டு இலக்கம்தானே!

சந்துபொந்து | 7
ரெண்டு இலக்கம் ஆகாதுன்னு எவன் சொன்னான்? மூணு இருந்தா நல்லதுன்னுதான் சொன்னேன். தர்க்கம் படிச்சவங்க யாராச்சும் இவருக்கு விளக்குங்கப்பா.

கிளிஷி_வாசி | 8
அண்ணைமாரே, ஒரு சின்னக் கேள்வி. அமைதி எண்டால் என்ன எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே? நாளுக்கு 300 வாகனமோ, 3000மோ? கனக்க மாவட்டங்கள் வாகன எண்ணிக்கைப் படத்தைத் தாங்களே போடுதுகள். அதைப் பாத்தால் இந்த இலக்கச் சண்டையே தேவையில்லை. ஒண்டை மட்டும் கவனியுங்கோ, அது வருசச் சராசரி. ஆகஸ்டில சுற்றுலா ஊர்ப் பக்கம் அந்தக் கணக்கு பொய்க்கும்.

சந்துபொந்து | 9
டி-122. மூணு இலக்கம். பதில் வரலை.

வரைபடப்பித்தன் | 10
டி-974. மூணு இலக்கம். பதில் வரவில்லை.

32_மிமீ | 11
எண்ணைப் பிடிச்சு தொங்குறீங்களே, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அங்க கீழ விழுறவன் ஏன் விழுறான்னு யாராவது பேசுறீங்களா? "கிராவியோன்"னு பலகை இருக்கும், உதிரிச் சல்லின்னு அர்த்தம். தார்க்குழம்பைத் தெளிச்சு, மேல பொடிச் சல்லியைக் கொட்டி, ரோலரை ஓட்டிட்டுப் போயிடுவாங்க. சல்லியை உள்ள அழுத்தி உட்காரவைக்கிற வேலையை அப்புறம் கார் சக்கரம்தான் செய்யணும். கார் வராத சாலைல யார் செய்வா? அதனால சாலை எவ்வளவு அமைதியோ, சல்லி அவ்வளவு நாள் உதிரியாவே கிடக்கும். நடுக்கோட்டுலயும் வளைவோட உள்பக்கத்துலயும் குவிஞ்சிருக்கும்.

கார் சக்கரம் போன தடத்துலயே போங்க. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க, சாய்ஞ்சிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீங்க. வெயில்ல தார் இளகி மேல வந்திருந்தா டயர்ல சல்லி ஒட்டும், ஃபோர்க்குல உரசி சத்தம் கேட்கும். உடனே இறங்கித் தட்டி எடுத்துடணும், இல்லாட்டி அடுத்த சுத்துல ரப்பருக்குள்ள குத்தி இறங்கும். இதுக்கெல்லாம் 32 மிமீ டயர்தான் சரி, 75 கிலோ ஆளுக்கு 4 பார் காத்துக்குப் பக்கமா. 25 மிமீல 7 பார் அடிச்சுட்டுப் போறவன் சல்லில ஸ்கேட்டிங்தான் பண்ணுவான்.

சந்துபொந்து | 12
ஆரம்பிச்சுட்டாரு. எந்த இழைக்குப் போனாலும் 32 மிமீ. நாளைக்கு மழை ஏன் பெய்யலைன்னு கேட்டாலும் டயர் சின்னதுன்னு சொல்வாரு. நல்ல தார்ல 28 தாராளம்.

32_மிமீ | 13
போன மாசம் ட்யூப்லெஸ் இழைல சீலன்ட் காய்ஞ்சா என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு பதில் சொல்லாம காணாமப் போனவர்தானே நீங்க?

சந்துபொந்து | 14
காணாமப் போகலை, உங்க கூட பேசுறதை நிறுத்தினேன். ரெண்டும் வேற வேற.

ரெட்டைஅம்பு | 15
டயர் இருக்கட்டும். என் வெள்ளைக் கோட்டுக்குப் பித்தர் இன்னும் பதில் சொல்லவில்லை. வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று தரம் இருக்கிறது. வெள்ளையை மட்டும் தொட்டுப் போனால் எந்த எண்ணும் வேண்டாம்.

வரைபடப்பித்தன் | 16
ஐயா, அந்த நிறம் வலைப்பின்னலில் சாலைக்கு என்ன வேலை என்பதைக் காட்டுகிறது. எத்தனை வண்டி ஓடுகிறது என்பதை அல்ல. க்ரூஸ் மாதிரி ஆளரவம் குறைந்த மாவட்டத்தில் மஞ்சள் சாலையே தூங்கும். திஜோன் மாதிரி ஊரின் விளிம்பில் வெள்ளைக் கோடு எல்லாம் காலை 8 மணிக்கு அலுவலகக் குறுக்குவழி. வெள்ளையை மட்டும் பிடித்துப் போனால் இன்னொரு தண்டனையும் உண்டு: ஆற்றங்கரைச் சாலை மஞ்சளாக இருக்கும், வெள்ளை ஒவ்வொன்றும் பள்ளத்தாக்கை விட்டு மேலே ஏறி, அடுத்த ஊரில் மறுபடி இறங்கும். 60 கி.மீ.க்கு எட்டுத் தடவை ஏறி இறங்கினால் அமைதியை ரசிக்கிற நிலைமையில் கால் இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் அந்தத் திசைக்குப் போகும் பழைய என்-சாலை எது என்று கண்டுபிடியுங்கள், இப்போது எந்த எண்ணில் ஒளிந்திருந்தாலும் சரி. லாரி அதில்தான் போகும், நமக்கு அது நல்லது. அதற்கு இணையாக, ஆற்றின் எதிர்க்கரையிலோ சரிவின் மேலேயோ ஊர்களைத் தொட்டுத்தொட்டு நெளிந்து போகும் இன்னொரு சாலை இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஒட்டியிருந்தால், டி-31ஏ என்கிற மாதிரி, அது கிளைச்சாலை, அநேகமாகக் காலி. பெரிய கடை வளாகமோ கல் குவாரியோ நடுவில் இருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றுங்கள்.

நகரங்களுக்கு வெளியே தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் 2018 ஜூலையில் வேக வரம்பை 80 ஆக்கினார்கள். பின்னர் மாவட்டங்கள் விரும்பினால் 90க்குத் திரும்பலாம் என்று விட்டுவிட்டார்கள். எனவே எல்லை தாண்டும்போது எண்ணோடு வேகமும் மாறலாம். ஊருக்கு வெளியே உங்களைத் தாண்டும் வண்டி 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். ஊருக்குள் 1 மீட்டர். ஊருக்குள் உங்கள் சாலைக்கு முன்னுரிமை என்று காட்டும் மஞ்சள் வைர வடிவப் பலகை இல்லையென்றால் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவனுக்கே முதல் உரிமை, அவன் நிற்க மாட்டான். டிராக்டர் என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

இதில் எங்கேயும் இலக்கத்தை எண்ணவில்லை என்பதைச் சந்துபொந்து கவனிக்க வேண்டும்.

சந்துபொந்து | 17
எவ்வளவு பெரிய கட்டுரை! கடைசில "எழுத்து ஒட்டின எண்ணைத் தேடு"ன்னு முடிச்சிருக்கீங்க. அதுவும் எண்ணைப் பாக்குறதுதானே சாமி?

ரெட்டைஅம்பு | 18
வரைபடத்தில் ஏற்றத்தைக் காட்டும் அம்புக்குறியைப் பற்றி நான் பேசவே இல்லை, அதற்குள் ஏற்றத்தைப் பற்றி எனக்குப் பாடம். ஒற்றை அம்பு 5 முதல் 9 சதவீதம், இரட்டை 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். முனை ஏறுகிற பக்கம் காட்டும். பார்க்கத் தெரிந்தவனுக்கு வெள்ளைக் கோடு தண்டனை இல்லை.

வரைபடப்பித்தன் | 19
5 சதவீதத்துக்குக் கீழே அம்பே கிடையாது என்பதும் பார்க்கத் தெரிந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்பு இல்லாத 4 சதவீதம் ஆறு கிலோமீட்டர் போனால் 240 மீட்டர் ஏற்றம்.

புதுப்பெடல் | 20
வணக்கம். வர்ற ஜூன்ல ஒரு வாரம் பர்கண்டி பக்கம் போறோம், பெரிய ஏத்தம் வேண்டாம். எந்தப் பாதை நல்லது?

வரைபடப்பித்தன் | 21
பூர்கோஞ். பர்கண்டி என்பது ஆங்கிலேயன் வைத்த பெயர்.

கிளிஷி_வாசி | 22
தம்பி, இவையள் விடமாட்டினம், நான் சொல்லுறன். ஜிவ்ரியில இருந்து க்ளூனி வரை பழைய ரயில் தடம், 44 கி.மீ., முழுக்கத் தார். 1997இல நாட்டிலேயே முதல் பசுமைப் பாதையா, கார் ஏறாத பாதையா, திறந்தது. மாக்கோன் பக்கம் தொடர்ந்தால் புவா-க்ளேர் சுரங்கம் வரும், 1.6 கி.மீ. உள்ளுக்கை குளிரும், மேற்சட்டை வேணும். குளிர்காலத்தில வௌவாலுக்காகப் பூட்டிப்போடுவினம், அப்ப மேலால கணவாய் ஏறித்தான் போகவேணும். ஜூனில பிரச்சினை இல்லை. தண்ணி முடிஞ்சால் ஊர் மயானத்தில குழாய் இருக்கும். "நோன் பொத்தாபிள்" (குடிக்க ஏலாது) எண்டு எழுதியிருந்தால் வாயில வைக்காதேங்கோ. மத்தியானம் கடை பூட்டு, திங்கக்கிழமையும் கனக்கப் பூட்டு. பாணை 12 மணிக்கு முதல் வாங்கிப்போடுங்கோ.

32_மிமீ | 23
ஞாயித்துக்கிழமை அந்தப் பாதைல பாருங்க, குழந்தை சைக்கிள், நாய்க்கயிறு, ஸ்கேட்டிங். அமைதியாம். அதுக்கு டி-சாலையே தேவலை.

சந்துபொந்து | 24
முதல் தடவையா ஒரு நல்ல வார்த்தை சொல்லிருக்கீங்க. அந்தப் பாதைக்குப் பக்கத்துலயே போறது டி-981. மூணு இலக்கம்.

வரைபடப்பித்தன் | 25
9-இல் தொடங்குகிறது. பழைய என்-481. பதிவு 5-இல் "இதைத்தான் நானும் சொன்னேன்" என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

சந்துபொந்து | 26
டி-122.

புதுப்பெடல் | 27
கிளிஷி அண்ணா, நன்றி. அந்தச் சுரங்கத்துக்குள்ள லைட் கட்டாயமா வேணுமா?

32_மிமீ | 28
லைட்டை விடுங்க தம்பி, டயர் எத்தனை மிமீ?