பழைய வீட்டின் பெயிண்டைச் சுரண்டப் போகிறோம்: காரீயத் தூசியிலிருந்து குழந்தையைக் காப்பது எப்படி?

கேள்வி – புதுக்குடி

வணக்கம். அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழமையான வீடு ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறோம். ஜன்னல் சட்டங்களிலும் கதவு நிலைகளிலும் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. ஒரு மூலையைக் கத்தியால் சாய்வாகச் சீவிப் பார்த்தபோது, மேலே கிரீம், அதன்கீழ் பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் தடித்த வெள்ளை என ஐந்து அடுக்குகள் தெரிந்தன. வேலைக்குப் பேசியிருக்கும் பெயிண்டர், மரத்தைத் தீயால் வாட்டிச் சுரண்டிவிட்டுச் சுவரை மெஷினால் தேய்த்துவிட்டால் நான்கே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. பழைய பெயிண்டில் காரீயம் இருக்கும் என்று படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. இருப்பதன் மேலேயே புதிதாகப் பூசிவிட்டால் போதுமா? வேலை நடக்கும்போது வேறொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாமா?

பதில் – மரவேலைக்காரர்

முதலில் அந்த வேலையைத் தொடங்க விடாதீர்கள். தீயால் வாட்டுவதும் மெஷினால் உலர்வாகத் தேய்ப்பதும்தான் இருப்பவற்றிலேயே மிக மோசமான இரண்டு வழிகள். சுவரில் கெட்டியாக ஒட்டியிருக்கும் வரை காரீயப் பெயிண்டால் பெரிய தீங்கு இல்லை. அதைத் தூசியாகவும் புகையாகவும் மாற்றி வீடு முழுவதும் பரப்புவது நம் கைவேலைதான். சுமார் 590 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றும் ஹீட் கன்னையும், தீயால் பெயிண்டை எரிப்பதையும் அமெரிக்க விதிகள் தடைசெய்திருப்பதற்கும் இதுவே காரணம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். தொழிலுக்கு வந்த புதிதில், மூடிய அறை ஒன்றில் மூன்று வாரம் பழைய கதவுகளை வாட்டிச் சுரண்டினேன். வயிற்றைப் பிசையும் வலியும் மலச்சிக்கலும் வந்தபோது வேளைக்குச் சாப்பிடாததால் வந்தது என்றே நினைத்தேன். இரத்தப் பரிசோதனையில் என் காரீய அளவு உயர்ந்திருந்தது. அதைவிட வேதனை, என் மகனின் அளவும் உயர்ந்திருந்தது. மாலையில் வாசலுக்கு ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொள்வான். அவன் முகம் பதிந்த அந்தச் சட்டையில் அன்று முழுவதும் நான் தேய்த்த தூசி இருந்தது.

உங்கள் வீட்டின் வயதைப் பார்த்தால், காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது. அமெரிக்காவில் வீடுகளுக்கான காரீயப் பெயிண்டுக்குத் தடை வந்ததே 1978இல்தான். இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அடி அடுக்கு வரை சேர்த்து வெட்டியெடுத்த சிறு துண்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். மேல் அடுக்கை மட்டும் சோதித்தால் ஒன்றும் தெரியாது, ஏனெனில் வெள்ளைக் காரீயம் என்ற பழைய காரீய நிறமி பெரும்பாலும் அடியில்தான் கிடக்கும்.

மேலேயே பூசலாமா என்று கேட்டிருந்தீர்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் சுவருக்கு அது சரியான வழியே. உரசும் இடங்களுக்கு அது உதவாது: ஜன்னலைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சட்டமும் நிலையும் உரசி, மாவுபோன்ற தூசி கீழ்ப்பள்ளத்தில் விழும், குழந்தைகள் கை வைத்து நின்று வெளியே பார்ப்பதும் அங்கேதான். அத்தகைய சட்டங்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள். அல்லது கழற்றி வெளியே கொண்டுபோய், தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டச் சொல்லுங்கள்.

பதில் – குழந்தைநல மருத்துவர்

அடுத்த அறையில் இருப்பது பாதுகாப்பு ஆகாது. மனைவியும் மகளும் வேலை தொடங்கும் முன்பே வெளியேறி, இறுதிச் சுத்தம் முடிந்த பிறகே திரும்ப வேண்டும். உட்கொள்ளும் காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளக்கூடும். தவழ்ந்த கையை வாயில் வைக்கும் வயதில் தரைத்தூசி நேராக வயிற்றுக்குப் போகிறது. காரீயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவையும் அடையும். தாயின் எலும்பில் முன்பே சேர்ந்திருப்பதுகூடக் கர்ப்பகாலத்தில் இரத்தத்தில் கலக்கலாம்.

தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து அதைத் தடுக்க வேண்டும் என்று அதன் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த அளவில் பிள்ளை ஓடியாடி விளையாடிக்கொண்டுதான் இருப்பாள், முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் இப்போதே ஒரு முறையும், வேலை முடிந்த பிறகு ஒரு முறையும் இரத்தம் எடுத்துப் பாருங்கள். விரல்நுனியில் குத்தி எடுத்த சோதனையில் அளவு கூடுதலாக வந்தால் கையின் இரத்தக்குழாயிலிருந்து எடுத்து உறுதிசெய்யுங்கள், விரலில் ஒட்டியிருக்கும் தூசியே முடிவைக் கெடுத்துவிடும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் அவற்றையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர் – புதுக்குடி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெயிண்டரிடம் பேசி வேலையை நிறுத்திவிட்டேன். அவருக்கும் வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் அக்கறையோடு கேட்டுக்கொண்டார். மாதிரிகளையும் அனுப்பியாயிற்று. வேலை முடிந்தபின் வீடு உண்மையிலேயே சுத்தமாகிவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

பதில் – மரவேலைக்காரர்

பெரும்பாதிச் சுத்தம் வேலைக்கு முன்பே தொடங்குகிறது. அறையிலிருந்து எல்லாவற்றையும் வெளியேற்றி, வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு மீட்டராவது தடித்த பாலித்தீன் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். வாசலுக்கும் ஏசி துவாரங்களுக்கும் அதேபோல் திரையிடுங்கள். பெயிண்டரும் துணி முகக்கவசத்தோடு நிற்காமல் நுண்தூசியைத் தடுக்கும் பி-100 வடிகட்டி உள்ள முகக்கவசம் அணியட்டும்; உடையை அங்கேயே மாற்றிக் கை, முகம் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

துடைப்பத்தையும் சாதாரண வேக்குவம் கிளீனரையும் அந்த அறைக்குள் கொண்டுவர வேண்டாம். மிக நுண்ணிய தூசியை அவை காற்றில் எழுப்பிவிடும். 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள மெஷினால் உறிஞ்சி, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் மறுபடி உறிஞ்ச வேண்டும். துணியை அலச வேறு வாளியில் நல்ல தண்ணீர் இருக்கட்டும். நான் மூன்றாம் முறை துடைக்கும்போதுகூடத் துணியில் சாம்பல் நிறம் ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

துணி வெள்ளையாகவே வந்தாலும் அதை நம்பிவிடாதீர்கள். தரையிலும் ஜன்னல் பள்ளத்திலும் குறித்த அளவு இடத்தைத் துடைத்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் தூசிச் சோதனை ஒன்று இருக்கிறது. அந்த முடிவு கைக்கு வந்தபிறகு மகளின் கட்டிலை அறைக்குள் போடுங்கள்.