தாழ்த்திய வேகனுக்கு 18 இன்ச்: முதலில் சக்கரமா, ஷாக்கா?

தாழ்தளம்: வேகனை (கூரை பின்னால்வரை நீண்ட, பெரிய டிக்கி உள்ள கார்) வாங்கும்போதே 40 மி.மீ. தாழ்த்தியிருந்தது. ஸ்பிரிங் குட்டை, ஷாக் (ஷாக் அப்சார்பர்) மட்டும் பழைய கம்பெனி ஷாக். டிக்கியில் சாமான் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, பள்ளத்தில் 'டம்' என்று அடிக்கிறது. இப்போது இருப்பது 16 இன்ச் சக்கரம்: 7 இன்ச் அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம், மி.மீ.; குறைந்தால் சக்கரம் வெளியே வரும்) 45, டயர் 205/55 (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம்). ஒருவர் 18 இன்ச் செட் ஒன்றை விற்கிறார்: 8.5 அகலம், ஆஃப்செட் 35, டயர் 225/40. இதை வாங்கிக்கொண்டு ஷாக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

அகலச்சக்கரம்: வாங்குங்கள். சக்கரம் கையில் இருந்தால்தான் வண்டியை எந்த உயரத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியும். நான் முதலில் காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டு, உயரம் வைத்து, அலைன்மென்ட்டும் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) முடித்தேன். சக்கரம் வந்த பிறகு எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. டயர் விட்டமும் இடிக்காது: பழையது 632 மி.மீ., புதியது 637.

பாரவண்டி: விட்டம் சரி, அகலத்தைப் பாருங்கள். ரிம்மின் வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே வருகிறது, உள் விளிம்பு 9 மி.மீ. ஷாக் பக்கம் போகிறது. ஏற்கெனவே பின்பக்கம் உட்காரும் வண்டி இது. குட்டை ஸ்பிரிங்கோடு கம்பெனி ஷாக் இருந்தால், பம்ப் ஸ்டாப்பைத் (சஸ்பென்ஷன் கடைசிவரை அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) தொட மிச்சமிருக்கும் தூரம் குறைந்துவிடும். பாரம் ஏற்றினால் அதுவும் போய்விடும். அந்த நிலையில் டயரை மட்கார்டு விளிம்பு சீவும். முதலில் ஷாக், ஸ்பிரிங்.

அகலச்சக்கரம்: 29 என்பது ரிம் விளிம்பின் கணக்கு. இடிப்பது டயர். 205 டயர் 7 இன்ச் ரிம்மில் சுமார் 210 மி.மீ., 225 டயர் 8.5 ரிம்மில் சுமார் 230. ஆஃப்செட் 10 குறைவதையும் சேர்த்தால் டயர் 20 மி.மீ. தான் வெளியே வரும், உள்பக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்வதால் இன்னும் கொஞ்சம் இடமும் கிடைக்கும்.

பாரவண்டி: டயர் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், ரிம்மை மட்டும் பார்த்தது என் தவறு. ஆனால் அந்தச் சாய்வு எல்லா வண்டிக்கும் வராது. பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) என்றால் உயரம் குறைந்தாலும் கேம்பர், அதாவது அந்தச் சாய்வு, மாறாது. முன்பக்கம் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் அமைப்பு) வண்டியில் கீழ் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) வெளி முனை கிடைமட்டத்தைத் தாண்டி நன்றாக மேலே போய்விட்டால், சாய்வு கூடுவது நின்று குறையத் தொடங்கும். தாழ்தளம், உங்களுக்குப் பின்னால் என்ன?

தாழ்தளம்: பீம்தான்.

பட்டறைக்கை: இரண்டு பேரும் சக்கரத்திலேயே நிற்கிறீர்கள். பின் ஸ்பிரிங் வேகனுக்கானதா என்று யாரும் கேட்கவில்லை. பல வேகன்களுக்கு செடானைவிடக் கடினமான பின் ஸ்பிரிங்தான் வரும். செடான் செட்டை அதில் போட்டால் இதே அறிகுறிதான். ஸ்பிரிங்கில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். இன்னொன்று: சில வேகன்களில் தானே உயரம் சரிசெய்யும் பின் ஷாக் உண்டு. பாரத்தில் ஒரு பங்கை அந்த ஷாக்கே தாங்குவதால் ஸ்பிரிங் மென்மையாக இருக்கும். அதைக் கழற்றிச் சாதாரண ஷாக் போடுபவர் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாற்றும்போது ரப்பர் புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர்) போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். வண்டி நிற்கும் உயரத்துக்கு ஆர்மைத் தூக்கி இறுக்குங்கள். இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இதைச் செய்யாமல் பாகத்தைக் குறை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அகலச்சக்கரம்: ஸ்பிரிங் விஷயம் சரி. ஆனாலும் நல்ல செட் காத்திருக்காது. பொருந்தாவிட்டால் மட்கார்டு விளிம்பை மடித்துக்கொள்ளலாம்.

பாரவண்டி: குடும்பத்தையும் சாமானையும் ஏற்றும் வண்டிக்கு உடம்பை மடித்துச் சக்கரத்துக்கு இடம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. பெயிண்ட் விரிசல் விட்டால் துரு அங்கேதான் தொடங்கும். அளந்துவிட்டு வாங்கட்டுமே. ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பம்ப் ஸ்டாப் நன்றாக அமுங்கும் வரை ஜாக்கியால் சக்கரத்தைத் தூக்குங்கள். பீம் என்பதால் ஒரு பக்கம் மட்டும் தூக்கியும் பாருங்கள், வளைவில் அப்படித்தான் போகும்.

தாழ்தளம்: இன்று செய்து பார்த்தேன். ஸ்பிரிங் எண்ணைத் தேடினேன், செடானுக்கானதுதான். முழுதாகத் தூக்கியபோது டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் 14 மி.மீ., உள்ளே ஷாக்குக்கு 18 மி.மீ. அந்த 20 இங்கே நுழையாது, செட்டை விட்டுவிட்டேன்.

அகலச்சக்கரம்: 14 தான் என்றால் நானும் வாங்கச் சொல்லமாட்டேன். 8 இன்ச், ஆஃப்செட் 45 தேடுங்கள். அதே 225 டயர் இரு பக்கமும் 8 மி.மீ.க்குள்தான் கூடும். சக்கரம் முதலில் என்பதில் நான் மாறவில்லை, அளவு தெரிந்த சக்கரம் என்று திருத்திக்கொள்கிறேன்.

பட்டறைக்கை: சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் துளை அளவையும் பாருங்கள், வண்டியின் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சென்டர் ரிங் (இடைவெளியை நிரப்பும் வளையம்) வேண்டும். நட்டின் இருக்கை கூம்பா உருண்டையா என்பது சக்கரத்தோடு ஒத்துப்போக வேண்டும். டயரின் பாரக் குறியீடு உங்கள் 91க்குக் கீழே இறங்கக்கூடாது. 91 என்றால் டயருக்கு 615 கிலோ.

தாழ்தளம்: வேகனுக்கான பின் ஸ்பிரிங்கும் குட்டை ஷாக்கும் ஆர்டர் சொல்லிவிட்டேன். அவற்றை மாட்டி, டிக்கியில் பாரம் வைத்து, மறுபடி அளந்து எண்களை இங்கே போடுகிறேன். அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான்.