ஃப்ளோட்டிங் பாயிண்ட் (தசம எண்) கணக்கில் பிழை வந்தால் நிரல் நிற்கணுமா, ஓடணுமா?

ரோஸ்ஹில்காரன்:
எங்கள் சர்க்கரை ஆலையின் கணக்கு நிரலை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றுகிறோம். விண்டோஸில் ட்ராப் (பிழை வந்ததும் நிரலை நிறுத்தும் வசதி) திறந்திருந்தது, கணக்கு கெட்ட இடத்திலேயே நிரல் நின்றுவிடும். லினக்ஸில் அது பாட்டுக்கு ஓடி, அரவை இல்லாத பிப்ரவரி வாரங்களுக்கெல்லாம் அறிக்கையில் 'நேன்' (எண்ணே இல்லை என்ற குறி) என்று அச்சாகிறது. ட்ராப்பைத் திறக்கும் ஃபீ-எனேபிள்-எக்செப்ட் ஃபங்ஷனைப் போட்டுப் பழையபடி நிற்க வைப்பதுதான் சரி.

வாக்வா மழை:
வேண்டாம் அண்ணே. அது லினக்ஸில் உள்ள குனூ சி நூலகம் தன் பங்குக்குச் சேர்த்த ஃபங்ஷன், சி தரத்தில் இல்லை, மேக்கிலும் கிடையாது. ஏஆர்எம் சிப்புகளுக்கு ட்ராப் வசதி கட்டாயமே இல்லை, அது இல்லாத சிப்பில் இந்த ஃபங்ஷன் மைனஸ் 1 திருப்பித் தரும், நீங்கள் அதைப் பார்க்காவிட்டால் நிரல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஃப்ளோட்டிங் பாயிண்ட் கணக்குக்கென 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரமே நிற்காமல் ஓடி ஃப்ளாக்கை (பிழை நடந்தது என்ற குறியை) மட்டும் ஏற்றுவதைத்தான் இயல்பாக வைத்தது. ஃப்ளாக்கைப் பார்த்துச் சொல்லும், சி99 தரத்தின் ஃபீ-டெஸ்ட்-எக்செப்ட் எல்லா இடத்திலும் இருக்கிறது, கணக்கு முடிந்ததும் அதைக் கேளுங்கள்.

ரோஸ்ஹில்காரன்:
எங்கோ ஏதோ நடந்தது என்றுதான் ஃப்ளாக் சொல்லும், எந்த வரி, எந்த வாரம் என்று சொல்லாது தம்பி. ட்ராப் இருந்தால் பிழை சிக்னல் வந்த இடத்திலேயே, பிழை தேட உதவும் டிபக்கர் நிற்கும். சிறு தோட்டக்காரர்களின் பணம் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

மாஹேபூர் மீனவன்:
ஒன்றைக் கவனியுங்கள். பிப்ரவரியில் கரும்பும் 0, சர்க்கரையும் 0. 0-ஐ 0-ஆல் வகுத்தால் வருவது 'இன்வேலிட்', 'டிவைட் பை ஜீரோ' இல்லை. பூஜ்யம் அல்லாத எண்ணை 0-ஆல் வகுத்தால்தான் அது, விடையும் இன்ஃபினிட்டி. 'டிவைட் பை ஜீரோ' ட்ராப்பை மட்டும் திறந்தால் உங்கள் பிப்ரவரி நழுவிவிடும். அப்புறம், கணக்கை வேகமாக்கும் ஃபாஸ்ட்-மேத் ஆப்ஷன் போட்டு கம்பைல் செய்யாதீர்கள், விடை நேனா என்று பார்க்கும் இஸ்நேன் சோதனையையே கம்பைலர் தூக்கிவிடலாம்.

வாக்வா மழை:
அரவை இல்லாத வாரம் பிழையே இல்லையே! வகுக்கும் முன் ஒரு இஃப் போட்டு அறிக்கையில் கோடு போட்டால் முடிந்தது. ட்ராப் உங்கள் சோதனை மெஷினோடு நிற்கட்டும்.

ரோஸ்ஹில்காரன்:
இஃப் போடுகிறேன், அது நியாயம். ஆனால் சோதனை மெஷினில் வராத டேட்டாதான் ஆலையில் வரும், அரவை நடக்கும் வாரத்தில் எடைமேடை கோப்பு பாதியில் அறுந்து வந்தால் அன்றைக்கு நிரல் நின்றே ஆகணும். மைனஸ் 1 வந்தால் தொடங்கவே கூடாது என்று எழுதிவிடுகிறேன். 'இன்எக்ஸாக்ட்' (விடை துல்லியமாக அடங்கவில்லை) ட்ராப் மட்டும் மூடியே இருக்கும், 1-ஐ 3-ஆல் வகுத்தாலே அது வந்துவிடும்.