மூளையடிச் சுரப்பியில் சீழ்: 'சீழ்க்கோவை' என்னும் சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில், அதாவது கபச்சுரப்பியில், வளர்ந்த கட்டிக்குள் சீழ் தேங்கும் நோய்க்கு, நம் கலைச்சொல் தொகுப்புக்காகக் கோலாலம்பூர் ஐயா முன்வைத்த 'கபச்சுரப்பிக் கட்டிச் சீழ்க்கட்டி' என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. பினாங்கில் என் சித்தி படுத்திருந்த வார்டில், மருத்துவர் 'கெத்தும்புஹான்' (வளர்ச்சி) என்று ஒன்றையும் 'நானா' (சீழ்) என்று மற்றொன்றையும் மலாயில் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். நான்தான் அதைக் "கட்டிக்குள் சீழ்க்கட்டி" என்று தமிழில் சொன்னேன். சித்தி போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு கட்டியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தது என் சொல்.

மெல்ல வளரும், புற்றல்லாத வளர்ச்சிக்குக் 'கழலை' என்னும் பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. சீழ் தேங்குவதற்கு வீட்டுப் பேச்சிலேயே 'சீழ் கோத்திருக்கிறது' என்கிறோம். ஆகவே, சளி பிடித்துத் தலையில் நீர் கோப்பதை நீர்க்கோவை என்பதைப் போலச் 'சீழ்க்கோவை' என்று அமைத்து, கழலையில் தொற்றேறி அது நேர்ந்தால் 'கழலைச் சீழ்க்கோவை' என்றும், கழலையின்றிச் சுரப்பியிலேயே நேர்ந்தால் 'சுரப்பிச் சீழ்க்கோவை' என்றும் வழங்கலாம். மிக அரிதான இந்நிலை, எம்.ஆர்.ஐ. படத்தில் நீர்மம் நிறைந்த கழலையைப் போலவே விளிம்பு மட்டும் ஒளிரத் தோன்றுவதால், அறுவையில் சீழ் வெளிப்பட்ட பிறகே பலருக்கு உறுதியாகிறது. அதன் பின் சீழை வடித்து, வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. வெறுங்கழலைக்கு அது தேவைப்படுவதில்லை.

'கபச்சுரப்பி' என்னும் முன்னொட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூளையின் சளி இச்சுரப்பி வழியாக மூக்கில் இறங்குகிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பியதால், சளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே தவறென்று காட்டப்பட்ட அந்த நம்பிக்கையைத்தான் நாம் தமிழில் இன்னும் சுமக்கிறோம். இச்சுரப்பிக்கான அறுவை பெரும்பாலும் மூக்கு வழியாகவே நடக்கிறது. அதன் பிறகு மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், அது மூளையைச் சூழ்ந்துள்ள நீரின் கசிவாக இருக்கக்கூடும், அவ்வழியே மூளையுறை அழற்சியும் வரக்கூடும். சுரப்பியின் பெயரிலேயே கபம் இருந்தால், வீட்டார் அந்தச் சொட்டைச் சளியென்று துடைத்துவிட்டு இருந்துவிடுவார்கள். எனவே 'மூளையடிச் சுரப்பி' என்பதையே வேண்டுகிறேன்.

சீழ்க்கோவை என்பதும் சளியை நினைவூட்டாதா என்று கேட்கலாம். சீழ் என்னும் சொல் முன்னே நிற்பதால் அந்த மயக்கம் நேராது என்பது என் கருத்து. மூளையுறை அழற்சி வேறு நோய் என்பதால், அதை இச்சொல்லுக்குள் அடக்காமல் தனிப்பதிவாகவே வைப்போம்.