ஞானஸ்நானப் பதிவேட்டில் சந்தியாகுவைத் தேடுவது எப்படி?

கொண்டல்:
ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம் வேர்க்காட்டில் நின்று "சந்தியாகு" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதே குடும்பங்களின் பெயரை லத்தீனில் எழுதிய பழைய ஞானஸ்நான (திருமுழுக்கு) பதிவேட்டில் தேடினால் ஒரு சந்தியாகுவும் கிடைக்கமாட்டார். அங்கே இருப்பது யாகோபுஸ், இயேசுவின் சீடர் யாக்கோபின் பெயர். எபிரேயத்தில் யாக்கோப், கிரேக்கத்தில் யாகோபோஸ், லத்தீனில் யாகோபுஸ். ஸ்பெயின் பக்கம் தேய்ந்து தேய்ந்து யாகோ ஆயிற்று. முன்னால் புனிதரைக் குறிக்கும் 'சாந்த்' ஒட்டிக்கொள்ள, சந்தியாகோ. ஆக, பெயருக்குள்ளேயே ஒரு 'புனித' இருக்கிறது. நாம் 'புனித சந்தியாகப்பர்' என்று இன்னொரு புனிதமும் ஓர் அப்பரும் சேர்த்திருக்கிறோம். கூடுதல்தான், ஆனால் யார் குறைப்பது? ஆங்கில ஜேம்ஸும் இதே ஆள்தான். பிற்கால லத்தீனில் யாகோமுஸ் என்று திரிந்ததிலிருந்து வந்தவர்.

செம்மண்:
நம் கரைக்குப் பெயர்கள் இரண்டு வழியில் வந்திருக்கின்றன. எது எந்த வழி என்று தெரிந்தால் தேடுவது பாதி முடிந்தது.

ஒன்று காது வழி. போர்ச்சுக்கீசியர் உச்சரித்ததை நம் ஆட்கள் கேட்டபடி சொன்னது. அவர்களுடைய ஜகரம் 'ஷ' சாயலில் ஒலிக்கும், எக்ஸ் எழுத்தும் பெயர் முதலில் 'ஷ'தான். தமிழில் இரண்டும் சகரம் ஆகிவிட்டன. அதனால்தான் ஜோசப் சூசை ஆனார், ஜேசு சேசு ஆனார், சேவியர் சவேரியார் ஆனார். சவரிமுத்து என்ற பெயர் பதிவேட்டில் 'பிரான்சிஸ்குஸ் சவேரியுஸ்' என்று இருக்கலாம். அகரவரிசைப் பட்டியலில் எஃப், எக்ஸ் இரண்டையும் புரட்டிப் பாருங்கள்.

இன்னொன்று பொருள் வழி. பெத்ரோஸ் என்றால் பாறை. தெலுங்கில் கல்லுக்கு ராயி, நமக்கு இராயப்பர். பவுலுஸ் என்றால் சிறியவர், சின்னப்பர். ஸ்தெபானோஸ் என்றால் மகுடம், முடியப்பர். லாசருக்கு மூலம் எலெயாசர், 'கடவுள் துணைசெய்தார்' என்று பொருள், அதுதான் தேவசகாயம். யோவானின் எபிரேய மூலமான யோகனானில் கடவுளின் அருள் இருக்கிறது, ஆகவே அருளப்பர். இந்த வரிசையில் வருபவர்தான் ஓரியூரின் அருளானந்தர். 1647-இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தில் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் கொல்லப்பட்டவர். அருளானந்து, பிரிட்டோ, ஜான் பிரிட்டோ மூன்றும் ஒரே பதிவாக இருக்கலாம். யோவானின் லத்தீன் வடிவமான 'யோவான்னெஸ்' என்று மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பின்னால் 'தெ பிரிட்டோ' வந்தால் அருளானந்தர், 'பாப்திஸ்தா' வந்தால் ஸ்நாபக அருளப்பர், அதாவது திருமுழுக்கு யோவான்.

1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் யோவான், பவுல், பேதுரு, யாக்கோபு என்றே இருக்கிறது. சின்னப்பரும் பவுலும் ஒருவரே என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தெரிகிறது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

வாடை:
பதிவேட்டைப் படிக்கும்போது அடிக்கடி நடக்கிற பிழைகளைச் சொல்கிறேன். ஒரு பதிவு இப்படி இருக்கும்: "அந்தோனியுஸ், பிலியுஸ் யாகோபி எத் மரியே". அதாவது யாகோபுஸ், மரியா ஆகியோரின் மகன் அந்தோனி. 'யாகோபி' என்பது தனிப் பெயர் அல்ல, வேற்றுமை உருபு ஏறிய யாகோபுஸ். இதைத் தகப்பன் பெயராக அப்படியே சான்றிதழில் இறக்கிவிட்டால், பிறகு வாக்காளர் அட்டையிலுள்ள சந்தியாகுவோடு எப்படிப் பொருந்தும்? 'நாத்துஸ்' என்றால் 'பிறந்தவன்'. அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துவிடக் கூடாது.

மாதத்தில்தான் பெரிய ஆபத்து. 7 போட்டுப் பக்கத்தில் 'ப்ரிஸ்' என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் ஏழு 'செப்தெம்'. 8 அக்டோபர், 9 நவம்பர், எக்ஸ் (ரோமானியப் பத்து) டிசம்பர். பிறந்த தேதியும் திருமுழுக்குத் தேதியும் அருகருகே இருக்கும், முதலில் கண்ணில் படுவதை எடுக்காமல் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாமல் தேதி மட்டும் தெரிந்தால், அந்த நாளை ஒட்டி வரும் புனிதரைப் பாருங்கள்: சூசையப்பர் மார்ச் 19, அந்தோணியார் ஜூன் 13, இராயப்பரும் சின்னப்பரும் ஜூன் 29, சந்தியாகப்பர் ஜூலை 25, இன்னாசியார் ஜூலை 31, சவேரியார் டிசம்பர் 3, முடியப்பர் டிசம்பர் 26. எல்லாப் பிள்ளைக்கும் இப்படிப் பெயர் வைத்திருக்கமாட்டார்கள், தாத்தா பாட்டி பெயர் குறுக்கே வரும். பதிவின் ஓரத்தில் எழுதியிருக்கும் வரியையும் விடாதீர்கள். உறுதிபூசுதலும் திருமணமும் அங்கேதான் குறிக்கப்படும், ஆள் அவரேதானா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கொண்டல்:
ஒன்று விட்டுப்போயிற்று. சான்றிதழில் பதிவேட்டுப் பெயரைத் தமிழாக்கி எழுதித் தரச் சொல்லாதீர்கள். உள்ளபடியே வாங்கிக்கொண்டு, 'யாகோபுஸ் என்பது சந்தியாகு' என்று குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதித் தர முடியுமா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இதோடு இணைத்தால் கேள்வி குறையும்.

செம்மண்:
எழுதும்போது பங்கின் பெயரையும் பாருங்கள். வேர்க்காடு தங்கச்சிமடம், சந்தியாகப்பர். வேர்க்கோடு ராமேஸ்வரம், சூசையப்பர். ஒரு கொம்பு மாறினால் கடிதம் வேறு ஊருக்குப் போய்விடும்.