இரும்புச் சட்டியில் பிஸ்கட்: அடி கருகுது, மேலே வெளுத்தே கிடக்கு

அரசலாறு (கும்பகோணம்):
10 அங்குல வார்ப்பிரும்புச் சட்டி, எடை இரண்டு கிலோவுக்கு மேல். அவன் (ஓவன்) கிடையாது, கேஸ் அடுப்புதான். மைதா 150 கிராம், நெய் 100, பொடித்த சர்க்கரை 75, ஒரு சிட்டிகை சமையல் சோடா. சட்டியைச் சூடாக்கி, உருண்டைகளைத் தட்டி அடுக்கி, மூடி போட்டு சிறுதீயில் 20 நிமிடம். நடுவில் இருப்பதற்கு அடி கரி, ஓரத்தில் இருப்பது பச்சை மாவு, மேல்பக்கம் எல்லாமே வெளுப்பு. போதாக்குறைக்கு, கழுவி வைத்த மறுநாளே சட்டியில் செம்மஞ்சளாகத் துரு. தப்பு எங்கே? சட்டியா, தீயா, மாவா?

வெட்டாறு (நாகூர்):
சட்டிதான். பர்னர் வளையம் படுகிற இடம் மட்டும் கொதிக்கும். அந்தச் சூட்டை ஓரம் வரைக்கும் கொண்டு போக இரும்புக்கு நேரம் பிடிக்கும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய நாலு மடங்கு வேகமாகச் சூட்டைப் பரப்பும். பேக்கரிகளில் பிஸ்கட்டை மெல்லிய தட்டில் வைப்பது காரணமில்லாமல் இல்லை.

நெய் பிஸ்கட் என்பது 160 டிகிரியில் 18, 20 நிமிடம் நிதானமாக ஈரம் வற்ற வேண்டிய பொருள். சூடேறிய கனத்த இரும்பில் வைத்தால் முதல் நிமிடத்திலேயே அடி நெய் உருகி மாவு பரந்துவிடும், அடுத்து சர்க்கரை கருகும். மேலே வேக அங்கே எந்தச் சூடும் இல்லை. தோசைக்கு ஏற்ற இரும்பு என்பதால் பிஸ்கட்டுக்கும் ஏற்றது என்று ஆகாது.

குடமுருட்டி (திருவையாறு):
பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வேன். வார்ப்பிரும்பில் பிஸ்கட் சுடும் வழக்கம் அமெரிக்காவின் தென் மாநிலங்களுடையது. அங்கே பிஸ்கட் என்றால் டீயில் தோய்க்கிற மொறுமொறு சமாச்சாரம் இல்லை. உப்புச் சுவையோடு, உள்ளே மெத்தென்று, அடுக்கடுக்காகப் பிரியும் சின்ன ரொட்டி. நாம் பிஸ்கட் என்பதை அவர்கள் குக்கி என்பார்கள். அந்த ரொட்டிக்கு வேண்டியது 220 டிகிரிச் சூடும், வைத்தவுடன் அடியைத் தூக்கிவிடும் ஒரு கனமான பாத்திரமும். அதற்கு இரும்பை மிஞ்ச ஒன்றுமில்லை. அரசலாறு அக்கா எடுத்தது அந்த ரொட்டிக்கான சட்டி, பிசைந்தது வேறு பிஸ்கட்டுக்கான மாவு. சட்டியைக் குறை சொல்லி என்ன பயன்?

சட்டிக்கு ஏற்ற மாவு இது. மைதா 220 கிராமோடு 30 கிராம் சோளமாவு (கஸ்டர்டுக்குப் போடும் வெள்ளை மாவு). நம் மைதாவில் புரதம் சற்று அதிகம், இதைக் கலந்தால் இழுவை குறையும். பேக்கிங் பவுடர் 12 கிராம், சோடா கால் டீஸ்பூன், உப்பு 5 கிராம், வெண்ணெய் 85 கிராம், கெட்டியான புளித்த மோர் 160லிருந்து 180 மில்லி.

வெண்ணெய்தான் உயிர்நாடி. சித்திரை வெயிலில் நம் சமையலறையில் வெண்ணெய் கையில் எடுத்ததுமே இளகிவிடும். துண்டு போட்டு ஃப்ரீசரில் அரை மணி நேரம், மாவையும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். விரல் நுனியால் உதிர்த்தால் துவரம்பருப்பு அளவுத் துணுக்குகள் அங்கங்கே கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தத் துணுக்கு சூட்டில் உருகும்போது அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி மாவைப் பிளக்கிறது, அடுக்கு வருவது அதனால்தான். முன்னாடியே உருகிவிட்டால் அடுக்கும் இல்லை, உப்பலும் இல்லை. வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் நீர் அதிகம், மோரை 20 மில்லி குறையுங்கள். மோர் ஊற்றியபின் பிசையவே கூடாது, கரண்டியால் கூட்டிச் சேர்த்தால் போதும். இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, மூன்று மடிப்பாக மடித்துத் தட்டுவதை மூன்று தடவை செய்யவும். டம்ளர் விளிம்பால் நேராக அழுத்தி வெட்டவும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தே உப்பும்.

கொள்ளிடம் (சீர்காழி):
மாவு சரி தம்பி. மேல் சூட்டுக்கு வழி சொல்லாமல் 220 டிகிரி என்றால் கேஸ் அடுப்புக்காரங்க என்ன செய்வாங்க? விறகடுப்புக் காலத்தில் மூடி மேல் தணல் அள்ளிப் போட்டார்கள். கேஸிலும் அதைச் செய்யலாம். பக்கத்து அடுப்பில் தட்டையான தோசைக்கல்லைப் பத்து நிமிடம் நன்றாகக் காயவிட்டு, இடுக்கியால் தூக்கி, சட்டிக்கு மூடியாகக் கவிழ்க்கணும். பிஸ்கட் உப்பினபிறகும் கல்லுக்கும் அதுக்கும் ஒரு விரல் இடைவெளி வேணும், அதனால் சட்டி 5 சென்டிமீட்டராவது ஆழம் இருக்கணும். கல் ஆறிடும், ஏழு எட்டு நிமிடத்தில் இன்னொரு தடவை காயவைத்து வையுங்க. சட்டியோட மூக்கு இரண்டையும் அடைச்சிடாதீங்க, ஆவி வெளியே போகலேன்னா மேல் தோல் வெளுத்து இட்லி மாதிரி ஆயிடும்.

கீழ்ச் சூட்டுக்கு: சட்டியை நேரே தீயில் வைக்காமல் ஒரு பழைய தோசைக்கல் மேல் வைங்க. சின்ன பர்னர், பத்து நிமிடம் முன்சூடு, அப்புறம் நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை சட்டியைக் கால்வட்டம் திருப்புங்க. நடுவு கருகறது நின்னுடும்.

குடமுருட்டி:
அம்மா சொன்ன கல் மூடி அருமையான யோசனை. அதோடு ஒன்று: மோர் பிஸ்கட்டை ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி அடுக்குங்கள். தள்ளி வைத்தால் பக்கவாட்டில் காய்ந்து படுக்கும். நெருக்கினால் ஒன்றுக்கொன்று சாய்மானமாக மேலே எழும். இந்தக் கல் முறையில் மொத்தம் 18லிருந்து 22 நிமிடம்.

வெட்டாறு:
மோர் பிஸ்கட்டுக்கு இரும்பு பொருந்தும் என்றால் மறுக்கவில்லை. ஆனால் கேட்டது நெய் பிஸ்கட். அதற்கு என் வழி: அகலமான பழைய அலுமினியச் சட்டியில் கழுவிக் காயவைத்த ஆற்று மணல் இரண்டு சென்டிமீட்டர், அதன் மேல் வளையம், மூடி போட்டு 15 நிமிடம் முன்சூடு. பட்டர் பேப்பர் போட்ட அலுமினியத் தட்டில் பிஸ்கட், சிறுதீ, 25 நிமிடம். கல்லுப்புப் படுக்கை வேண்டாம். உப்பு அலுமினியத்தையும் அரிக்கும், இரும்பை அதைவிட மோசமாக. வார்ப்பிரும்புச் சட்டிக்குள் உப்பைக் கொட்டிச் சூடாக்கச் சொல்லி சில வீடியோக்கள் சுற்றுகின்றன. ஒரு மழைக்காலம் போதும், சட்டி பொரிபொரியாகிவிடும்.

குடமுருட்டி:
உப்பு விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் நெய் பிஸ்கட்டையும் இரும்பில் எடுக்கலாம். சட்டியைச் சூடாக்காமல் ஆறிய சட்டியில் வைக்க வேண்டும். தட்டிய பிஸ்கட் ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் இறுகட்டும். ஆறிய சட்டி, அடியில் தோசைக்கல், ஆகச் சிறிய தீ, 30 நிமிடம். இரும்பு மெல்ல ஏறுவது இங்கே நமக்குச் சாதகம். கடைசி எட்டு நிமிடம் மட்டும் கல் மூடி.

வெட்டாறு:
முதல் தவணைக்குச் சரி. இரண்டாம் தவணைக்கு? இரண்டு கிலோ இரும்பு ஆற முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் மீதி மாவு இளகிவிடும். 40 பிஸ்கட் சுடுகிறவர்களுக்கு அது வழியே இல்லை. அவசரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றினால் சட்டி விரிசல் விடும். வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல், கடினமே தவிர வளைந்து கொடுக்காது.

அரசலாறு:
அப்படியானால் மோர் பிஸ்கட்டுக்கு இரும்பு, நெய் பிஸ்கட்டுக்கு மணல். ஒரு தவணை மட்டும் என்றால் ஆறிய சட்டி. புரிந்தது. துருவுக்கு என்ன செய்ய? கடையில் வாங்கும்போதே எண்ணெய் தடவிச் சூடேற்றி, கறுப்பாகப் பழக்கிக் கொடுத்த சட்டி. ஆனாலும் மூன்று நாள் வடிகஞ்சி ஊற்றி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.

கொள்ளிடம்:
புது இரும்பென்றால் கஞ்சிதான் முறை. புளித்த கஞ்சியில் மூணு நாள், தினமும் மாத்தி ஊத்தி, புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவி, நல்லெண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கிக் கொட்டணும். எத்தனையோ தலைமுறைக் கல் இப்படித்தான் பழகியிருக்கு.

குடமுருட்டி:
அம்மா, இங்கேதான் எனக்குத் தீவிரமான மாற்றுக் கருத்து. புளித்த கஞ்சி இலேசான அமிலம். பட்டறையிலிருந்து வரும் பச்சை இரும்பின் மேலிருக்கும் அழுக்கு எண்ணெய், துருத்தூள், வார்ப்பு மணல் எல்லாவற்றையும் அது இளக்கும். அதாவது கஞ்சி செய்வது சுத்தம். பழக்குவது பிறகு தடவும் எண்ணெய். ஏற்கெனவே எண்ணெய் படிந்து வந்த சட்டியில் மூன்று நாள் கஞ்சி நின்றால் அந்தப் படிவத்தைத்தான் அரிக்கும். அக்கா சட்டியில் மறுநாளே துரு வந்தது அதனால்தான்.

கொள்ளிடம்:
பச்சை இரும்புக்குக் கஞ்சி, பழக்கி வந்ததுக்கு வேண்டாம். சரி, அந்தப் பிரிவினை நியாயம்தான். ஆனால் கஞ்சியே மூடநம்பிக்கைங்கிற மாதிரி இங்கே சிலர் எழுதறதை ஏத்துக்க மாட்டேன்.

வெட்டாறு:
கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றும் உவர்ந்த போர் தண்ணீரும் சேர்ந்தால் துணியால் துடைத்தது போதவே போதாது. கடைசி அலசல் குடிநீரில் இருக்கட்டும். துடைத்து, அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்து ஈரம் முழுக்கப் போனபின் எண்ணெய். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மூடி போட்டு வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். செய்தித்தாள் மடித்துப் போட்டு, துணிமுடிப்பில் இரண்டு துண்டு அடுப்புக்கரியும் சட்டிக்குள் வையுங்கள்.

அரசலாறு:
எந்த எண்ணெய்? சோப்பு போடலாமா?

குடமுருட்டி:
முதலில் துருவை எடுங்கள். வினிகரும் தண்ணீரும் சம அளவு, அரை மணி நேரத்துக்கு மேல் ஊறக் கூடாது, மிஞ்சினால் நல்ல இரும்பையும் தின்னும். நாரால் தேய்த்து அலசி, அடுப்பில் காயவைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது எண்ணெய் தடவவும். பிறகு சுத்தமான துணியால், எண்ணெய் தடவியதையே மறந்து எல்லாவற்றையும் துடைத்து எடுப்பதுபோல் துடைக்க வேண்டும். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரும்பு மங்கலான கறுப்பாகத் தெரிய வேண்டும். பளபளத்தால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது, அது சுட்டபின் பழைய மிட்டாய்த் தாள் போல் கையில் ஒட்டும். அவன் இருந்தால் கவிழ்த்து வைத்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம். கேஸில் மெல்லச் சூடேற்றி, இலேசாகப் புகை வந்து அடங்கும்வரை வைத்து ஆறவிடுங்கள். நாலு தடவை.

கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் நன்றாகப் படியும். ஆளி விதை எண்ணெய் சீக்கிரம் இறுகி, பிறகு செதில் செதிலாக உரியும். தேங்காய் எண்ணெய் படியவே படியாது, அதன் கொழுப்பு காற்றோடு சேர்ந்து இறுகும் வகையைச் சேர்ந்ததல்ல.

கொள்ளிடம்:
நல்லெண்ணெயை ஏன் விட்டீங்க? அதுவும் நல்லாப் படியும். செக்கில் ஆட்டினது சீக்கிரம் புகையும், அதனால் தீயைக் குறைச்சு நேரத்தைக் கூட்டணும், அவ்வளவுதான். அதே மாதிரி தேங்காய் எண்ணெயைத் தள்ளிட வேண்டாம். இரண்டு மாசம் எடுக்காமல் வைக்கிற சட்டிக்கு மேல்பூச்சா அதுதான் நல்லது, சிக்கு வாடை சீக்கிரம் வராது.

குடமுருட்டி:
பழக்க நல்லெண்ணெய், பாதுகாக்கத் தேங்காய் எண்ணெய். இதை மனதார ஏற்கிறேன்.

வெட்டாறு:
சோப்பு: பாத்திரம் விளக்கும் திரவம் இரண்டு சொட்டு, மெல்லிய பஞ்சு, உடனே அலசல். இறுகின படிவத்துக்கு ஒன்றும் ஆகாது. கெடுப்பது சோடா கலந்த சோப்புக் கட்டியும், அடுப்புச் சாம்பலும், கம்பி நாரும். சாம்பல் இயற்கையானது என்பதால் நல்லது என்று நினைக்கிறார்கள், ஆனால் அது காரம், எண்ணெய்ப் படிவத்தைக் கரைக்கும். புளிக்குழம்பும் அந்தச் சட்டியில் வேண்டாம். வஞ்சிரம் வறுக்கிற சட்டியிலும் பிஸ்கட் சுடாதீர்கள். வெண்ணெய் அந்த வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும். சட்டி ஒன்றுதான் என்றால் முதல் நாளே அடுப்பில் வெறுமனே அரை மணி நேரம் காயவிடுங்கள்.

இன்னொரு திருத்தம். தணல் போடும் மூடியுள்ள இரும்புப் பானைக்கு டச்சு அவன் என்று பெயர் என்பதால், நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் கொண்டுவந்தது என்று ஒரு பேச்சு உலாவுகிறது. அந்தப் பெயர், டச்சுக்காரர்களின் வார்ப்பு முறையைப் பார்த்து இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1707ல் காப்புரிமை பெற்ற, மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறையைச் சுற்றி வந்தது என்பதுதான் பொதுவான விளக்கம். சுவாமிமலைச் சிலைகள் போல மெழுகும் வண்டல் மண்ணும் அல்ல, மணல் அச்சு. சட்டியின் அடியில் சொரசொரப்பு இருப்பதும் அந்த மணலால்தான். அதைக் குறை என்று எண்ணித் தேய்க்க வேண்டாம், எண்ணெய் பிடித்து நிற்பதே அங்கேதான்.

அரசலாறு:
இரண்டு தவணை எண்ணெய் ஏற்றியாகிவிட்டது, சட்டி மங்கல் கறுப்பில் இருக்கிறது. மோர் பிஸ்கட்டுக்கு அடியில் எவ்வளவு நெய் தடவ?

குடமுருட்டி:
ஒரு டீஸ்பூன், பரப்பி. கூடினால் அடி பொரிந்துவிடும். வெந்ததும் சட்டியிலேயே விட்டுவிடாதீர்கள், இரும்பு அடங்க வெகு நேரமாகும், மூன்று நிமிடத்தில் அடி ஒரு நிறம் கூடிவிடும். உடனே எடுத்துக் கம்பி வலையில் வையுங்கள்.

வெட்டாறு:
வலை இல்லையென்றால் மூங்கில் முறத்தில் துணி விரித்து. எவர்சில்வர் தட்டு வேண்டாம், அடியில் ஆவி வேர்த்துச் சொதசொதவென்று ஆகிவிடும்.