உதவி: மீட்டர் கேஜ் கற்பனை மின்சார இன்ஜின் – வளைவில் பெட்டியை இறக்கிவிடுகிறது, பார்க்கவும் ஒட்டவில்லை

கார்டுலைன்_87

வணக்கம். என் மாதிரி ரயில் லேஅவுட்டின் கதை இதுதான்: 1960களில் விழுப்புரத்தோடு நின்றுபோன மீட்டர் கேஜ் மின்மயம், நிற்காமல் விருத்தாசலம் வழியாகத் திருச்சி வரை போயிருந்தால்? காலம் 1977. அந்த ஆகஸ்டில்தான் வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. அளவு 1:87, தண்டவாளம் 12 மி.மீ. (கணக்கில் 1044 மி.மீ. வருகிறது, ஒரு மீட்டர் இடைவெளியுள்ள மீட்டர் கேஜுக்கு இது போதும்.)

இந்தத் தடத்துக்கென்று நானே யோசித்து ஒரு இன்ஜின் செய்தேன். பெயர் ஒய்ஏபி-1. எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு, 3600 குதிரைத்திறன். அடியில் இருப்பது 1:120 டிடி அளவு டீசல் ஒன்றின் நான்கு அச்சு சேஸிஸ். மேலே 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டிய பாடி. நீளம் 160 மி.மீ., அகலம் 31, தண்டவாளத்திலிருந்து கூரை 46. போகி (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் அடிச்சட்டம்) மையங்களுக்கு இடையே 65, சேஸிஸில் இருந்தபடியே விட்டுவிட்டேன். பெட்டியை மாட்டும் கப்ளிங் பாடியோடு ஒட்டியிருக்கிறது.

பிரச்சினை மூன்று. 310 மி.மீ. ஆர வளைவில் முதல் பெட்டி தடம் புரள்கிறது, இன்ஜின் மட்டும் ஒழுங்காகப் போய்விடுகிறது. தண்டவாளம், சக்கர இடைவெளி எல்லாம் கேஜ் வைத்துப் பார்த்தாயிற்று. அடுத்து, ஐந்து பெட்டிக்கு மேல் மாட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. பாடி உட்கார இடம் வேண்டி, சேஸிஸ் மேலிருந்த உலோக எடையைக் கழற்றியிருக்கிறேன். மூன்றாவதுதான் மனசை அரிக்கிறது. அகலப் பாதை மின்சார இன்ஜினான டபிள்யூஏஎம்-4ஐ வெந்நீரில் போட்டுச் சுருக்கியது மாதிரி இருக்கிறது என்கிறான் என் தம்பி. ஏனென்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

வளைவு_ஆரம்

முதல் பிரச்சினைக்கு உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. பாடியை 1:87க்கு நீட்டிவிட்டீர்கள், போகிகள் 1:120லேயே நிற்கின்றன. இரண்டு முனையும் போகியைத் தாண்டி வெகுதூரம் தொங்குகின்றன.

கணக்கு எளிது. பாதி நீளத்தின் வர்க்கத்திலிருந்து போகி மையத் தூரத்தில் பாதியின் வர்க்கத்தைக் கழியுங்கள். வருவதை ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள். உங்களுக்கு 6400 கழித்தல் 1056, அதாவது 5344. அதை 620ஆல் வகுத்தால் 8.6 மி.மீ. வளைவில் உங்கள் கப்ளிங் தண்டவாள மையத்தை விட்டு அவ்வளவு வெளியே போகிறது. 12 மி.மீ. தடத்தில் 8.6! இன்ஜினுக்கு எடை இருப்பதால் தாங்குகிறது, லேசான பெட்டியைப் பக்கவாட்டில் இழுத்து இறக்கிவிடுகிறது. நேர் தடத்திலிருந்து வளைவுக்குள் நுழையும் இடத்தில்தான் பெரும்பாலும் இறங்கும், கவனித்துப் பாருங்கள்.

பாடியை 135 மி.மீ. ஆக்கினால் 5.6க்கு வந்துவிடும். ஆரத்தையும் 396 ஆக்க இடமிருந்தால் 4.4. கப்ளிங்கைப் பாடியிலிருந்து எடுத்துப் போகியில் மாட்டினால் இன்னும் நிம்மதி, அது தண்டவாளத்தோடு திரும்பும். சேஸிஸை நடுவில் வெட்டி, ஷாஃப்ட்டை நீட்டி, போகிகளைத் தள்ளி வைப்பவர்களும் உண்டு. நன்றாக ஓடுகிற மெக்கானிசத்தில் நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன்.

ஈயக்குண்டு

இரண்டாவதற்கு நான். கழற்றிய எடை அலங்காரத்துக்கு வைத்ததில்லை, இழுவையே அதில்தான் இருக்கிறது. தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயத்தை வாங்கிப் பாடிக்குள் நிரப்புங்கள். இரண்டு போகிக்கும் நடுவில், முடிந்தவரை கீழே. எல்லாவற்றையும் கூரைக்கு அடியில் கொட்டினால் வளைவில் சாயும். முன்பக்கம் பின்பக்கம் சமமாக இருக்கிறதா என்று ஒரு பென்சிலை நடுவில் குறுக்கே வைத்து, அதன் மேல் இன்ஜினை நிறுத்திப் பாருங்கள்.

முக்கியமாக ஒன்று: ஈயத்தை வெள்ளைப் பசையில், அதுதான் மரவேலைப் பசையில், ஒட்டாதீர்கள். நாளாக நாளாக இரண்டும் வினை புரிந்து ஊதிப்போகும், பாடி விரிசல் விட்டுப் பிளக்கும். எப்பாக்ஸி போடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பழைய_ஷெட்

தம்பி, மூன்றாவதுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

உயரத்தை முதலில் பாருங்கள். 46ஐ 87ஆல் பெருக்கினால் நான்கு மீட்டர். அது அகலப் பாதை உயரம். மீட்டர் கேஜ் வண்டியின் கூரை மூன்றரை மீட்டரைத் தாண்டாது. பக்கத்தில் மீட்டர் கேஜ் பெட்டி நிற்கும்போது உங்கள் இன்ஜின் மட்டும் தலை தூக்கி நிற்குமே, உங்கள் தம்பியின் கண்ணில் பட்டது அதுதான். 39 மி.மீ.க்கு இறக்குங்கள்.

இரண்டாவது பஃபர், அதாவது முகப்பில் இடியைத் தாங்கும் முட்டு. நீங்கள் சொல்லவில்லை, ஆனால் டிடி சேஸிஸோடு வந்த இரட்டை பஃபரை முகப்பில் ஒட்டியிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். நம் மீட்டர் கேஜில் நடுவில் ஒரே பஃபர்தான். அதற்குக் கீழே மாடு தள்ளும் கம்பி. இந்த இரண்டையும் சரிசெய்தாலே பாதி முகம் வந்துவிடும்.

இனி 3600 குதிரைத்திறன். உங்கள் டபிள்யூஏஎம்-4 சுமார் 113 டன், ஆறு அச்சு, 3640 குதிரைத்திறன். அதே காலத்து மீட்டர் கேஜ் டீசல் ஒய்டிஎம்-4 72 டன், ஆறு அச்சு, அதாவது அச்சுக்கு 12 டன். அந்தப் பாதை தாங்கியது ஏறத்தாழ அவ்வளவுதான். நீங்கள் வைத்திருப்பது நான்கு அச்சு. அப்படியானால் இன்ஜின் 50 டன்னைச் சுற்றித்தான் இருக்க முடியும். அதில் 3600 குதிரையைப் பூட்டினால், ஈயம் இல்லாத உங்கள் மாடலுக்கு நடப்பதே நிஜ இன்ஜினுக்கும் நடக்கும். 1800 என்று வையுங்கள். கனமான வண்டிக்கு இரண்டைச் சேர்த்து ஓட்டுங்கள்.

பெயரும் இடிக்கிறது. மீட்டர் கேஜுக்கு ஒய், ஏசி மின்சாரத்துக்கு ஏ, பயணி வண்டிக்கு பி. இலக்கணம் சரி, காலம் சரியில்லை. ஏசி மின்சார இன்ஜினில் பி என்ற எழுத்து 1980ல் டபிள்யூஏபி-1 வந்தபோதுதான் வந்தது. 1977ல் நிற்கும் இன்ஜினுக்கு அந்தப் பெயர் ஒட்டாது. 1960களில் ஜப்பானிலிருந்து வந்த ஒய்ஏஎம்-1 ஏற்கெனவே அதே கம்பியின் கீழ் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு அடுத்தது என்றால் ஒய்ஏஎம்-2.

கற்பனை இன்ஜின் செய்பவர்கள் முகப்பிலிருந்து தொடங்குகிறார்கள். நான் தொடங்குவது வேறு இடத்தில்: இது யாருக்கு, எந்த வேலைக்குத் தேவைப்பட்டது, அன்று ஒர்க்‌ஷாப்பில் என்ன கையிருப்பு? உங்கள் கதையில் பதில் தயாராக இருக்கிறது. நிஜத்தில் விழுப்புரத்தில் கம்பி முடிந்ததால் அங்கே மின்சார இன்ஜினைக் கழற்றி டீசல் மாட்ட வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்கத்தான் உங்கள் இன்ஜின். அப்போது புதிதாக முகம் வரைந்துகொண்டிருக்க மாட்டார்கள். ஒய்ஏஎம்-1இன் கண்ணாடி, கதவு, ஏணி எதையெல்லாம் எடுக்க முடியுமோ எடுத்துப் போட்டிருப்பார்கள். அவற்றின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு, மாறுகிற ஒன்றிரண்டை மட்டும் நீங்கள் கற்பனை செய்யுங்கள்.

கூரையும் அப்படித்தான். மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃபிலிருந்து இன்சுலேட்டர் மேல் வரும் கம்பி சர்க்யூட் பிரேக்கருக்குப் போக வேண்டும், அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே இறங்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் கனமானது, நடுவில்தான் இருக்கும். ஆக கம்பி இறங்கும் இடமும் நடு. நிறைய மாடல்களில் இந்தக் கம்பி எங்கோ தொடங்கி எங்கோ முடிந்திருக்கும். ஏன் என்று தெரியாவிட்டாலும் பார்க்கிறவனுக்கு என்னவோ உறுத்தும்.

எட்டுப்பெட்டி

கற்பனை என்றுதானே சொல்லியிருக்கிறார், அதற்கு இத்தனை சட்டமா? அமெரிக்காவில் மான்டரேயில் ஜான் ஆலன் தன் கோரி அண்ட் டெஃபீட்டட் லேஅவுட்டில் பெட்டிகளை இடம் மாற்றி ஷண்டிங் செய்ய ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரையே நிறுத்தியிருந்தார். பெயர் எம்மா, எண் 13. அதற்கு அச்சுக்கு எத்தனை டன் என்று யாரும் கேட்கவில்லை.

பழைய_ஷெட்

கேட்க மாட்டார்கள். எம்மாவைச் சுற்றியிருந்த மலை, பாலம், பெட்டி எல்லாம் அச்சு அசல். அதனால்தான் அந்த ஒன்று சிரிப்பு வரவழைத்தது. இவருக்குச் சிரிப்பு வேண்டாம், வைகை எக்ஸ்பிரஸ் வேண்டும். சிரிப்புதான் வேண்டுமென்றால் நான் எழுதியதை மொத்தமாக விட்டுவிடலாம்.

கார்டுலைன்_87

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணா, இரட்டை பஃபரேதான். பிடுங்கிவிட்டேன்.

பாடியை நடுவில் வெட்டி 135க்குக் குறைத்தேன். கப்ளிங் இப்போது போகியில். 310 வளைவிலேயே பெட்டி இறங்காமல் போகிறது, ஆகவே ஆரத்தைத் தொடவில்லை. ஈயம் எப்பாக்ஸியில் ஒட்டி எட்டுப் பெட்டி இழுக்கிறது. உயரத்தைக் குறைக்க வழியில்லை, பக்கச் சுவரைப் புதிதாகத்தான் வெட்ட வேண்டும். ஜன்னலை ஒய்ஏஎம்-1 அளவுக்கு அப்போதே மாற்றிக்கொள்கிறேன்.

3600 போய் 1800 ஆகிவிட்டது, சரி. ஜோடியாக ஓட்ட இன்னொரு சேஸிஸ் சொல்லிவிட்டேன். இரண்டிலும் மோட்டார் இருந்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளுமா?

ஈயக்குண்டு

ஒரே மாதிரி சேஸிஸ் என்றால் பெரிய தொல்லை வராது. இரண்டையும் கோர்க்காமல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தனித்தனியாக ஒரே வோல்டேஜில் ஓடவிட்டு, இடைவெளி மாறுகிறதா பாருங்கள். கொஞ்சம் வேகமாகப் போவதை முன்னால் மாட்டுங்கள். வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தால் இரண்டாவதில் மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சும்மா உருள விடுங்கள். அப்போது அதற்குள் ஈயம் போடாதீர்கள், வெட்டிச் சுமை.